64 கட்டத்து எண்: பெரியது என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

கேள்வி
3 ஜூன், மாலை 6.12

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் சேர்த்து 18446744073709551615 வரும் என்று எட்டாவது படிக்கும் என் மகளுக்குச் சொன்னேன். "சரிம்மா, பெரிய நம்பர். அதுக்கப்புறம்?" என்று கேட்டுவிட்டாள். பெரியது என்பதைத் தாண்டி இந்த எண்ணில் ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று: கைபேசிக் கணிப்பான் கடைசி இலக்கத்தை 6 என்று காட்டுகிறது. எது சரி?

பதில்
3 ஜூன், இரவு 9.40

கடைசி இலக்கம் 5தான். 2, 4, 8, 16, 32 என்று எழுதிப் பாருங்கள். கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுழலும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ என்பது 6இல் முடியும். பலகையின் மொத்தம் அதைவிட ஒன்று குறைவு. ஏன் குறைவு என்றால், ஒவ்வொரு கட்டமும் தனக்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டி, மேலே ஒன்று சேர்த்த அளவு. இரண்டாவதில் 2, அதற்கு முன் 1. மூன்றாவதில் 4, அதற்கு முன் 3. நான்காவதில் 8, அதற்கு முன் 7. இல்லாத 65ஆம் கட்டத்தில் 2⁶⁴ இருக்கும். ஆக 64 வரைக்குமான மொத்தம் 2⁶⁴ கழித்தல் 1.

கணிப்பான் பொய் சொல்லவில்லை, அதனிடம் இடம் இல்லை. பெரும்பாலான கணிப்பான்கள் 15, 16 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இதே எண்ணை ஒருமுறை விரிதாளில் தட்டியபோது 18446744073709600000 என்று வந்து நின்றது. மண்டிக் கணக்கில் இப்படி வால் அறுந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை, ஏனென்றால் அந்த அளவு தொகை அங்கே புழங்காது. இந்த எண்ணுக்கோ உயிர் அந்தக் கடைசி 5இல்தான் இருக்கிறது. அது 6 ஆகிவிட்டால் 64 இரண்டுகளைப் பெருக்கிய எண், அவ்வளவுதான்.

வாசிப்பதற்கு: 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615.

"ஒன்றும் இல்லை" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நாளை எழுதுகிறேன், முதலில் கொஞ்சம் அரிசி எண்ண வேண்டும்.

4 ஜூன், காலை 6.20

எண்ணிவிட்டேன். தாம்பாளத்தில் பொன்னி அரிசியைப் பரப்பி, பத்துப் பத்தாக விரலால் ஒதுக்கி, நூறு சேர்ந்ததும் ஒரு குவியல் என்று பத்துக் குவியல். மண்டியில் மாதிரி பார்க்கும் சிறிய தராசை இரவல் வாங்கி வந்திருந்தேன். 1000 அரிசி 13 கிராம் காட்டியது. இலேசாக இருக்கிறதே என்று விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால் குவியலில் குருணை நிறைய. அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு முழு அரிசியாக மறுபடி எண்ணினேன். 16 கிராம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

முழுப் பலகைக்கும் 29,500 கோடி டன் வருகிறது. உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். 500 ஆண்டு விளைச்சலைக் கொட்டினாலும், சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு இப்படி அரிசி தர ஒப்புக்கொண்ட அந்தக் கதை ராஜாவின் கடன் தீராது.

எல்லோரும் இதைச் சொல்வார்கள். பாதிப் பலகையைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு வேறொன்று தோன்றியது. முதல் 32 கட்டத்துக்கும் சேர்த்து 4,29,49,67,295 அரிசி. எடை போட்டால் சுமார் 69 டன், 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் 2,750 சிப்பம். ஐந்து லாரி லோடு. எங்கள் தெருவில் இருக்கும் நடுத்தர மண்டியே சில நாளில் கைமாற்றிவிடும் சரக்கு. பாதிப் பலகை வரை ராஜா நிம்மதியாகக் கொடுத்திருப்பார். சரியாகப் பாதியைத் தாண்டும் இடத்தில்தான் கதை மாறுகிறது. இந்தப் "பாதி"யைப் பிடித்துக்கொள்ளுங்கள், எண்ணின் உள்ளே போகும் வாசல் அதுதான்.

4 ஜூன், இரவு 10.05

பலகையை நடுவில் மடியுங்கள். மேல்பாதி 32 கட்டம், கீழ்பாதி 32 கட்டம். 33ஆம் கட்டத்தில் இருப்பது முதல் கட்டத்தில் இருப்பதைப்போல 2³² மடங்கு. 34இல் இருப்பது 2ஆம் கட்டத்தைப்போல அதே 2³² மடங்கு. இப்படி 64 வரை. ஆகவே கீழ்பாதி முழுவதும் மேல்பாதியின் 2³² மடங்கு. இரண்டையும் சேர்த்தால்:

மொத்தம் = மேல்பாதி × (2³² + 1)

கூட்டிக்கொண்டே வந்த எண் ஒரே மடிப்பில் பெருக்கலாக மாறிவிட்டது. இனி மேல்பாதியை எடுத்து அதையும் மடியுங்கள். 32 கட்டம் 16 ஆகும். வெளியே வரும் காரணி 2¹⁶ + 1. அடுத்த மடிப்பில் 2⁸ + 1. இப்போது கையில் இருப்பது ஒரே வரிசை, எட்டுக் கட்டம், 255 அரிசி. மறுபடி மடித்தால் 2⁴ + 1, அப்புறம் 2² + 1, கடைசியாக 2 + 1. ஆறு மடிப்பு முடிந்ததும் மிஞ்சுவது ஒரு கட்டம், அதில் ஒரு அரிசி.

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297

இடமிருந்து பெருக்கிக்கொண்டே வாருங்கள். 3, 15, 255, 65,535, 4,29,49,67,295, பிறகு முழு எண். வழியில் வரும் ஒவ்வொன்றும் பலகையின் ஒரு துண்டு: இரண்டு கட்டம், நான்கு கட்டம், ஒரு வரிசை, இரண்டு வரிசை, நான்கு வரிசை, எட்டு வரிசை. இதை முதன்முதலில் ஒரு சிப்பத்தின் அட்டையில் எழுதிப் பார்த்த அன்று வேலை ஓடவில்லை எனக்கு. இருபது இலக்கத்தில் கண்டபடி கிடப்பதாகத் தெரிகிற எண், உள்ளே இவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகளிடம் இதைக் காட்டுங்கள். "அதுக்கப்புறம்?" என்ற கேள்விக்கு இதுதான் முதல் பதில்.

5 ஜூன், காலை 7.10

திருத்தம். மடிப்பது என்று எழுதியது தவறு. நேற்று இரவே ஒருவர் தனிச்செய்தியில் சொல்லிவிட்டார், சரியாகத்தான் சொன்னார். மடித்தால் 33ஆம் கட்டம் நான்காவது வரிசையின் மேல் கவிழும். 1இன் மேல் வராது. பலகையை வெட்டி, கீழ்பாதியைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி மேல்பாதியின் மேல் வைக்க வேண்டும். அப்போதுதான் 1க்கு நேராக 33, 2க்கு நேராக 34 என்று உட்காரும். கணக்கில் மாற்றம் இல்லை. காகிதத்தில் செய்து காட்டுவதாக இருந்தால் கத்தரிக்கோல் எடுங்கள்.

கடைசி இரண்டு வெட்டுகள் மட்டும் வரிசைக்குக் குறுக்கே அல்ல, ஒரே வரிசைக்குள் என்று எழுத வந்தேன், அதுவும் மூன்று. 8 கட்டம் 4, 4 கட்டம் 2, 2 கட்டம் 1.

5 ஜூன், இரவு 9.15

3, 5, 17, 257, 65,537. இந்த ஐந்தும் பகா எண்கள். ஆறாவதாக நிற்கும் 4,29,49,67,297 எப்படி?

1640ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் ஃபெர்மா இதே வரிசையைப் பார்த்தார். 2இன் அடுக்கை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், வரும் எண்ணோடு 1 கூட்டினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று உறுதியாக நம்பினார். நிரூபிக்க முடியவில்லை என்பதையும் கடிதங்களில் சொல்லியிருக்கிறார். தொழிலால் அவர் வழக்கறிஞர். கணக்கு ஓய்வு நேர வேலை. முதல் ஐந்தும் பகா எண்ணாக இருக்கும்போது ஆறாவதும் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றும். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நம்பிக்கை அப்படியே நின்றது.

1732இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த கணிதர் ஆய்லர், அப்போது அவருக்கு 25 வயது, அதை உடைத்தார்:

4,29,49,67,297 = 641 × 67,00,417

பெருக்கிப் பாருங்கள். 67,00,417ஐ 600ஆல் பெருக்கினால் 4,02,02,50,200. 41ஆல் பெருக்கினால் 27,47,17,097. கூட்டினால் வந்துவிடும்.

641ஐ அவர் குருட்டாம்போக்கில் பிடிக்கவில்லை. 2இன் அடுக்குகளை ஏதாவது ஒரு ஒற்றைப்படைப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதினால் அவை சுழலும். 17ஆல் வகுத்துப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, மறுபடி 1. சுழல் நீளம் 8. அந்த நீளம் எப்போதும் பகா எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணை மீதியில்லாமல் வகுக்கும். இங்கே 8 என்பது 16ஐ வகுக்கிறது. ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுத்தால், 2³² விடும் மீதி "ஒன்று குறைவு", அதை வர்க்கமாக்கினால் 2⁶⁴ விடும் மீதி 1. ஆக அந்தப் பகா எண்ணின் சுழல் நீளம் சரியாக 64. அந்தப் பகா எண்ணில் 1ஐக் கழித்தால் 64ஆல் வகுபட வேண்டும்.

இனி தேட வேண்டியது 64இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்களை மட்டும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது தட்டலிலேயே கதவு திறந்துவிட்டது. சதுரங்கப் பலகையின் அதே 64, ஃபெர்மா நம்பியதை உடைக்கும் சாவியாகவும் வந்து நிற்பதைப் பாருங்கள்.

6 ஜூன், காலை 6.45

உங்கள் மகள் "641 வகுக்கும்னு வகுத்துப் பார்க்காமலே சொல்ல முடியுமா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முடியும். மிக அழகான வழி ஒன்று இருக்கிறது.

641ஐ இரண்டு விதமாக எழுதலாம். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴.

முதல் விதத்தின்படி, 5 × 2⁷ என்பது 641க்கு ஒன்று குறைவு. அதை நான்குமுறை தன்னோடு பெருக்கினால் குறைவு மறைந்து, 5⁴ × 2²⁸ என்பது 641இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று அதிகம். இரண்டாவது விதத்தின்படி, 5⁴க்குப் பதில் 2⁴ஐக் குறை அடையாளத்தோடு வைக்கலாம். வைத்தால் 2⁴ × 2²⁸ = 2³², குறை அடையாளத்தோடு, ஒரு மடங்கைவிட ஒன்று அதிகம். அடையாளத்தை மாற்றினால் 2³² என்பது ஒரு மடங்கைவிட ஒன்று குறைவு. ஒன்றைக் கூட்டுங்கள், 641ஆல் வகுபட்டாக வேண்டும்.

ஒரு நீண்ட வகுத்தல்கூட இல்லை. பத்து இலக்க எண்ணை எழுதக்கூட இல்லை.

6 ஜூன், இரவு 8.50

4ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஆறு காரணிகள் என்று நிறுத்தியிருந்தேன். முழுவதும் உடைத்தால் ஏழு:

3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417.

எதுவும் இரண்டுமுறை வரவில்லை. ஏழில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், விடலாம்; ஆகவே மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 2⁷ = 128. 64 கட்டத்துப் பலகையின் எண்ணுக்கு 128 வகுத்திகள். ஆய்லர் இல்லாமல் ஃபெர்மா சொன்னதே உண்மையாக இருந்திருந்தால் 64 வகுத்திகளோடு நின்றிருக்கும், பலகைக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும். எனக்கு 128தான் பிடித்திருக்கிறது.

67,00,417 பகா எண் என்பதை இப்போதைக்குப் படித்ததை நம்பித்தான் எழுதியிருக்கிறேன். அது மனதில் உறுத்துகிறது.

8 ஜூன், ஞாயிறு, பகல் 3.30

இன்று மண்டி விடுமுறை, நிதானமாக எழுதுகிறேன்.

மேல்பாதியின் எண்ணை, அந்த ஐந்து லாரி அரிசியை, மறுபடி எடுங்கள். 4,29,49,67,295. 1796இல் 19 வயதுகூட நிறையாத ஜெர்மானியக் கணிதர் காஸ், கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். கிரேக்கர்கள் காலத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் யாரும் ஒரு அடி நகர்த்தியிருக்கவில்லை. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது 3, 5, 17, 257, 65,537 மாதிரியான வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும், அப்போதுதான் வரைய முடியும். முடியாதவை ஏன் முடியாது என்பதை 1837இல் பிரான்சின் வான்ட்செல் நிரூபித்து வைத்தார்.

அந்த ஐந்தையும் சேர்த்துப் பெருக்கினால் வருவதுதான் மேல்பாதி. ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையமுடியும் என்று இதுவரை தெரிந்த பலகோணங்கள் 31தான். அவற்றில் மிகப் பெரியதற்கு 4,29,49,67,295 பக்கம். 65,537க்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு பகா எண்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. ராஜா கொடுத்துத் தீர்க்கக்கூடிய பாதியும், கவராயத்துக்கு அடங்கும் பாதியும் ஒன்றேதான் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

65,537 பக்கத்தை வரையும் முறையை ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்து ஆண்டு உட்கார்ந்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டியில் வைத்து கோட்டிங்கனில் பாதுகாக்கப்படுகிறது. பத்து ஆண்டு ஒரே எண்ணோடு இருந்த மனிதரைப் பற்றி நினைக்கும்போது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

அந்த 31ஐயும் ஒரு தாளில் வரவைக்க எளிய வழி உண்டு. மேருப் பிரஸ்தாரம் தெரியுமல்லவா? மேலே 1, அடுத்து 1 1, அடுத்து 1 2 1, அடுத்து 1 3 3 1. பாஸ்கல் முக்கோணம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள்; பிங்களரின் யாப்புச் சூத்திரங்களுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் இதை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படை எண்ணுக்கு 0 என்று மாற்றி எழுதுங்கள். வருவதை இரும எண்ணாக, அதாவது வலமிருந்து 1, 2, 4, 8 என்று இட மதிப்பு வைத்துப் படியுங்கள்.

1 1 என்பது 11, அதாவது 3.
1 2 1 என்பது 101, அதாவது 5.
1 3 3 1 என்பது 1111, அதாவது 15.
1 4 6 4 1 என்பது 10001, அதாவது 17.
1 5 10 10 5 1 என்பது 110011, அதாவது 51. மூன்று பதினேழு.

தொடர்ந்தால் 85, 255, 257 என்று, வரையக்கூடிய அந்தப் பலகோணங்கள் வரிசை தப்பாமல் வரும். உச்சியில் இருக்கும் ஒற்றை 1ஐ விட்டுவிட்டு அதன்கீழ் 31 வரிசை போனால், எல்லா எண்ணும் ஒற்றைப்படை, 32 ஒன்றுகள். மேல்பாதி அது. 63ஆம் வரிசையில் மறுபடி எல்லாம் ஒற்றைப்படை, 64 ஒன்றுகள். நம் எண். கட்டத்துக்கு ஒரு 1 வைத்த சதுரங்கப் பலகை அந்த வரிசையில் படுத்திருக்கிறது.

8 ஜூன், இரவு 9.30

பிங்களரைச் சொன்னதும் விட்டுப்போனது ஞாபகம் வந்தது. 2இன் அடுக்கைச் சுருக்கமாகக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். அடுக்கைப் பாதியாக்கு, பாதியாக்க முடியாவிட்டால் ஒன்று குறை. திரும்பி வரும்போது, பாதியாக்கிய இடத்தில் வர்க்கமாக்கு, ஒன்று குறைத்த இடத்தில் இரட்டிப்பாக்கு. 64க்கு 32, 16, 8, 4, 2, 1 என்று ஆறுமுறையும் பாதியாகிறது. ஆகவே 2ஐ ஆறுமுறை வர்க்கமாக்கினால் போதும்: 4, 16, 256, 65,536, 4,29,49,67,296, பிறகு 2⁶⁴. அதில் ஒன்று குறைத்தால் நம் எண்.

ஆறு பாதி. என் ஆறு வெட்டு.

9 ஜூன், காலை 7.00

"இந்த எண்ணை முதலில் யார் கணக்கிட்டது?" என்று கேட்டவருக்கு: 1000ஆம் ஆண்டு வாக்கில் அல்-பிரூனி என்ற அறிஞர் இருபது இலக்கத்தையும் சரியாக எழுதியிருக்கிறார். சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸாவும் ராஜாவும் வரும் கதையை 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் பதிந்திருக்கிறார். அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்குச் சொல்லப்படும் கதையும் இதே அரிசிதான்.

1883இல் பிரான்சின் எதுவார் லூக்கா ஒரு விளையாட்டுப் பொருள் வெளியிட்டார், ஹனோய் கோபுரம். காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகளை, ஒருமுறைக்கு ஒன்றாக, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல், ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள், முடிந்தால் உலகம் முடியும் என்று ஒரு கதையும் அதோடு சேர்ந்து பரவியது. தேவைப்படும் நகர்த்தல்கள் சரியாக நம் எண். நொடிக்கு ஒன்று என்றால் 58,400 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. நிறைய நேரம் இருக்கிறது.

லூக்காவின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

11 ஜூன், இரவு 9.20

மண்டியில் பெரியவர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "டன்னு கிடக்கட்டும், எத்தனை கலம்?" என்று கேட்டார். பழைய வாய்ப்பாட்டை வாயாலேயே ஒப்பித்தார்: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம்.

நெல்லை எண்ணித் தொடங்கும் அளவை நம்மிடம் இருக்கும்போது நான் தராசைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஒரு கலத்துக்கு 13,82,400 நெல். அரிசிக்குப் பதில் நெல் வைத்தால் மேல்பாதிக்குச் சுமார் 3,107 கலம். முழுப் பலகைக்கு 13,34,400 கோடி கலம். பெரியவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "மூவாயிரம் கலம் வரைக்கும் எங்க தாத்தா காலத்துல பெரிய பண்ணையில பார்த்திருக்காங்க" என்றார். பாதிப் பலகை மனித அளவுக்குள்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

12 ஜூன், இரவு 10.10

நம் எண்ணோடு 2ஐக் கூட்டுங்கள். 1,84,46,74,40,73,70,95,51,617. இது 2⁶⁴ + 1, ஃபெர்மா வரிசையில் ஏழாவது. முந்தைய ஆறையும் பெருக்கி இரண்டு கூட்டினால் ஏழாவது. எல்லா இடத்திலும் இப்படித்தான்: 3 × 5 கூட்டல் 2, 17. 3 × 5 × 17 கூட்டல் 2, 257. வித்தியாசம் 2, எல்லாம் ஒற்றைப்படை. அதனால் வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. நம் ஏழு பகா எண்களில் எதுவும் திரும்ப வராததற்கு இதுதான் காரணம். 6ஆம் தேதி அதைச் சும்மா சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

இந்த ஏழாவது எண்ணை 1880இல் லான்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்தார், 80 வயதைத் தாண்டிய பிறகு:

2,74,177 × 6,72,80,42,13,10,721

கணினி இல்லை, கணிப்பான் இல்லை. ஆய்லருக்கு 25, லான்ட்ரிக்கு 80. பக்கத்துப் பக்கத்து எண்கள்.

15 ஜூன், ஞாயிறு, மாலை 5.40

உறுத்தல் தீர்ந்தது. 67,00,417 பகா எண்தானா என்று கையாலேயே பார்த்துவிட்டேன்.

சாதாரணமாகப் பார்த்தால் அதன் வர்க்கமூலம் 2,588 வரை இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும், முந்நூற்றுக்கும் மேல். ஆனால் அதை வகுக்கும் எதுவும் 2³² + 1ஐயும் வகுக்கும், ஆகவே ஆய்லரின் நிபந்தனைக்குள் வர வேண்டும். ஹனோய் கோபுரத்து லூக்கா அந்த நிபந்தனையை இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாக இருக்க வேண்டும். 641 அப்படித்தான், 5 × 128 + 1. 67,00,417ம் அப்படித்தான், 52,347 × 128 + 1.

2,588க்குள் அந்த வடிவத்தில் இருபது எண்கள். 129 போகும், 43இன் மூன்று மடங்கு. 385 ஐந்தால் போகும். இப்படித் தள்ளிக்கொண்டே வந்தால் பகா எண்ணாக நிற்பவை ஐந்தே ஐந்து. மண்டி ரசீதின் பின்பக்கத்தில் ஐந்து வகுத்தலும் போட்டேன்:

257 × 26,071 = 67,00,247, மீதி 170.
641 × 10,453 = 67,00,373, மீதி 44.
769 × 8,713 = 67,00,297, மீதி 120.
1,153 × 5,811 = 67,00,083, மீதி 334.
1,409 × 4,755 = 66,99,795, மீதி 622.

ஐந்திலும் மீதி இருக்கிறது. 67,00,417 பகா எண்தான். உங்கள் மகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், நான்காவது வரியை நான் இரண்டுமுறை போட வேண்டியிருந்தது.